ஆனை வாங்கலாம், தீனி யார் போடுவது?

சென்ற மாதம் பரந்தனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு நாள் நின்று, இரணைமடுத் தண்ணீரில் விளைந்த நெல்லுச் சோறும் குளத்து மீனும் சாப்பிட்டுவிட்டு வருவதுதான் எண்ணம். இரண்டாம் நாள் மாலை தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் மகன் ஒரு கோவையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அவனுக்கு வயது முப்பது. கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை. மாதச் சம்பளம் மூன்றரை இலட்சம் ரூபா.

"மாமா, இதில ஒரு கையெழுத்து வைக்கவேணும். பிணைக்காரர் ரெண்டு பேர் கேக்கிறாங்கள்."

கோவையைப் பிரித்தேன். ஜெர்மன் கார், ஏற்கெனவே பாவித்தது. விலை ஒரு கோடியே அறுபது இலட்சம் ரூபா. அதிற் பாதியை முற்பணமாகக் கட்டவேண்டும். மீதி எண்பது இலட்சம் ஐந்து வருட லீசிங். முற்பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அவன் பேசவில்லை. அக்கா குசினி வாசலில் நின்று சொன்னா: "கோப்பாயிலை என்ரை சீதனக் காணி நாலு பரப்பு கிடக்குத்தானே தம்பி. சும்மா பத்தை பத்திப்போய்த்தானே கிடக்கு."

நான் கையெழுத்து வைக்கவில்லை. அன்றிலிருந்து அக்கா என்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. "நல்ல சம்பளம் எடுக்கிற பிள்ளைக்கு ஒரு கார் ஓடக் குடுத்து வைக்கேல்லையே" என்று அவ உறவுகளிடம் கேட்கிறா என அறிகிறேன். கேள்வி நியாயமானது. குடும்பத்துக்குள் வாய்ப்பேச்சாகச் சொன்னால் சண்டையில் முடியும் என்பதால், அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன். இன்று வடக்கிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் ஆயிரம் வீடுகளில் இதே கோவை மேசையில் கிடக்கிறது என்பதும் இதனைப் பகிரங்கமாக எழுதுவதற்கு இன்னொரு காரணம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மூன்றரை இலட்சம் என்பது கடிதத்தில் உள்ள சம்பளம். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வரிப் படிகளின்படி வருமான வரியும், ஊழியர் சேமலாப நிதிக்கான 8 வீதமும் கழித்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 2 இலட்சத்து 90 ஆயிரம். எண்பது இலட்சத்துக்கு ஆண்டு வட்டி 14 வீதம் என்று வைத்துக்கொண்டால் ஐந்து வருடத்துக்கு மாதக் கட்டுக்காசு 1 இலட்சத்து 86 ஆயிரம். மிச்சம் 1 இலட்சத்து 4 ஆயிரம். லீசிங் வாகனத்துக்கு முழுக் காப்புறுதி செய்தாக வேண்டும். வாகனப் பெறுமதியில் 2 வீதம் என்று வைத்தாலும் மாதத்துக்கு 27 ஆயிரம் ரூபா. மிச்சம் 77 ஆயிரம். கொழும்பில் அன்றாட ஓட்டத்துக்கும், மாதத்தில் ஒருதடவை பரந்தனுக்கு வந்து போவதற்கும் 120 லீற்றர் பெற்றோல் என்று வைப்போம். லீற்றர் 300 ரூபாப்படி 36 ஆயிரம். மிச்சம் 41 ஆயிரம்.

இந்த 41 ஆயிரத்தில்தான் அவன் கொழும்பில் அறை வாடகை கொடுக்கவேண்டும், சாப்பிடவேண்டும், உடுக்கவேண்டும், தாய்க்கு அனுப்பவேண்டும். டயர், எண்ணெய் மாற்றம், திருத்த வேலை எதனையும் நான் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் வாழமுடியாது என்று சிற்றூழியர் முறையிடுகிறார்கள், அதில் உண்மை இருக்கிறது. மூன்றரை இலட்சம் எடுக்கும் என் மருமகனோ, காரை வாங்கிய மறுநாளே அந்தச் சிற்றூழியரின் வாழ்க்கைக்கு இறங்கிவிடுகிறான். ஒரேயொரு வித்தியாசம், சிற்றூழியர் பஸ்ஸில் போவார், இவன் ஜெர்மன் காரில் போவான்.

ஐந்து வருட முடிவில் அவன் கட்டிய கட்டுக்காசு 1 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியிருக்கும். முற்பணத்தையும் சேர்த்தால் 1 கோடியே 91 இலட்சம். கையில் இருப்பது இன்னும் ஐந்து வயது கூடிய கார். கையைவிட்டுப் போனது கோப்பாயில் நாலு பரப்புக் காணி.

"சம்பளம் காணும்தானே மாமா" என்றான். இந்தக் 'காணும்' என்ற சொல்லில்தான் முழு மயக்கமும் இருக்கிறது. கட்டுக்காசு கட்டச் சம்பளம் காணுமா என்று பார்ப்பது லீசிங் கம்பனியின் கணக்கு. அவர்களுக்கு அது போதும், ஏனெனில் கட்டத் தவறினால் வாகனத்தை எடுத்துக்கொள்வார்கள். 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் வாகனத்தின் உரிமை கடைசிக் கட்டுக்காசு கட்டும்வரை கம்பனியிடமே உண்டு. பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கும், ஆனால் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருக்கும். ஆகவே கம்பனி கேட்கும் கேள்வி 'இவர் இந்த மாதம் கட்டுவாரா?' என்பது மட்டுமே. வாங்குபவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. 'எனது சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தாங்குவேன்?' என்பதே அது. முதலாவது கேள்விக்கான விடையை இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொண்டவர்கள்தான் இந்நாட்டில் வாகனத்தைப் பறிகொடுத்தவர்கள்.

சம்பளம் நிற்குமா என்று கொழும்பில் பிறந்து வளர்ந்தவன் கேட்கலாம். பரந்தனில் பிறந்தவன் கேட்கலாமா? இந்த மண்ணில் 'நல்ல சம்பளம்' என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1950களில் ஆரம்பிக்கப்பட்டது. ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் அங்கு உற்பத்தியாகின. அங்கு வேலை என்றால் அக்காலத்தில் மாப்பிள்ளைக்குப் பெண் தேடி வரும். நிரந்தர உத்தியோகம், விடுதி, ஓய்வுக்காலப் பணம். எண்பதுகளில் யுத்தம் வந்தது, தொழிற்சாலை நின்றது. பின்னர் அந்த வழியாகப் போனவர்கள் பார்த்தது இடிந்த சுவர்களையும் துருப்பிடித்த தாங்கிகளையும்தான்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏ-9 வீதி திறந்தது. 2004 டிசெம்பரில் சுனாமி வந்தபின் கிளிநொச்சி முழுவதும் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள். ஆங்கிலம் ஓரளவு தெரிந்த, கணினி பழகிய பிள்ளைகளுக்கு ஆசிரியர் சம்பளத்தைப்போலப் பல மடங்கு கிடைத்தது. அதை நிரந்தரம் என்று நம்பி வீடு கட்டியவர், வாகனம் எடுத்தவர், கடன் பட்டவர் பலரை எனக்குத் தெரியும். 2006 ஓகஸ்டில் ஏ-9 மூடப்பட்டது. 2008 செப்ரெம்பரில் தொண்டு நிறுவனங்களை வன்னியிலிருந்து வெளியேறுமாறு அரசாங்கம் பணித்தது. சம்பளம் ஒரு மாதத்தில் நின்றது. கடன் நிற்கவில்லை.

என் அத்தானின் கதையும் அதே காலத்தது. 2003இல் வவுனியாவில் ஒரு நிதி நிறுவனத்தில் தவணைக்கு உழவு இயந்திரம் எடுத்தார். அது சொகுசு அல்ல, வயலும் உழும், வாடகைக்கும் ஓடும், தன் கட்டுக்காசைத் தானே உழைக்கும். 2009 ஜனவரியின் முதல் நாள்களில் பரந்தனும் கிளிநொச்சியும் இராணுவத்தின் வசமாகுமுன்னரே, வீட்டுக் கூரைத் தகரம் முதல் நெல்மூட்டை வரை அந்த உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஏ-35 வீதியால் கிழக்கே போனார்கள். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. ஒவ்வோர் இடத்திலும் பெட்டியில் இருந்த பொருள் குறைந்தது. கடைசியில் உழவு இயந்திரமும் விடப்பட்டது. யுத்தம் முடிந்த பின்னர் அந்தப் பக்கம் போனவர்கள் கண்டிருப்பார்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மோட்டார் சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் வான்களும் துருப்பிடித்துக் குவிந்து கிடந்ததை. ஒரு சமூகத்தின் முப்பது வருடச் சேமிப்பு அது. செட்டிகுளம் முகாமிலிருந்து அவர்கள் மீண்டு பரந்தனுக்கு வந்து தறப்பாளின் கீழ் இருந்தபோது, அந்த நிதி நிறுவனத்திலிருந்து நிலுவையும் வட்டியும் கேட்டு ஒரு கடிதம் வந்தது. உழவு இயந்திரம் எங்கே என்று கடிதத்தில் யாரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் சொன்னபோது அக்கா சொன்ன பதிலை மறைப்பது நேர்மையாகாது. "எல்லாத்தையும் விட்டிட்டு உடுத்த உடுப்போடை வந்தனாங்கள் தம்பி. இனியும் என்னத்தைச் சேர்த்து வைச்சு என்ன? பிள்ளை ஒரு நல்ல காரிலை வந்து இந்தப் படலையடியிலை இறங்கினா அதை ஒருக்காப் பாத்திட்டுச் சாகலாம்." இந்த வாதத்துக்கு என்னிடம் எண்கணித விடை இல்லை. சேமித்தவர்களும் இழந்தார்கள், செலவழித்தவர்களும் இழந்தார்கள். அப்படியிருக்கச் சேமிப்பு எதற்கு என்று அவ கேட்பது அனுபவத்தின் கேள்வி. அதற்கு மேலும் ஒன்றுண்டு. இருபது வருடம் வீதித்தடைகளில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற சனம் ஒரு நல்ல வாகனத்தில் கண்ணாடியை இறக்கிப் போக ஆசைப்படுவதை 'ஆடம்பரம்' என்று ஒரு சொல்லால் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

ஆனால் 2009இல் இழக்கப்படாமல் மிஞ்சியது எது என்று அக்கா யோசிக்கவேண்டும். உழவு இயந்திரம் போனது, நகை போனது, வீடு தரைமட்டமானது. மிஞ்சியவை இரண்டு. ஒன்று பிள்ளையின் படிப்பு. மற்றது காணி. அந்த இரண்டில் ஒன்றை விற்று, முதல் அலையிலேயே போகக்கூடிய பொருளை வாங்குவதா வன்னி நமக்குக் கற்பித்த பாடம்?

காணி பற்றி இன்னுமொன்று சொல்லவேண்டும். கிளிநொச்சி மாவட்டத்தின் குடியேற்றத் திட்டங்களில் பெருமளவு காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. அக்கா இருக்கும் பரந்தன் காணியும் அதுவே. அதை விரும்பியபடி விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. உறுதிக் காணி உள்ளவன் வங்கியில் ஈடு வைத்துத் தொழிற்கடன் பெறலாம், பேர்மிற் காணிக்காரனுக்கு அந்த வாசல் அநேகமாகச் சாத்தியே இருக்கிறது. அவனுக்குச் சுலபமாகத் திறக்கும் ஒரே வாசல் லீசிங். அங்கே வாகனமே பிணை. 2010க்குப் பிறகு ஏ-9 வீதியோரம் நிதிக் கம்பனிகளின் பெயர்ப்பலகைகள் வரிசையாக எழுந்ததற்கும், வாழ்வாதாரத்துக்குக் கடன் கிடைக்காத ஊரில் மோட்டார் சைக்கிளுக்குக் கடன் தாராளமாகக் கிடைத்ததற்கும் இதுவும் ஒரு காரணம். யுத்தத்துக்குப் பிந்திய வடக்கின் கடன் சுமை பற்றி யாழ். பல்கலைக்கழகத்தின் அகிலன் கதிர்காமர் போன்றோர் தொடர்ந்து எழுதி வந்திருக்கிறார்கள். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்கும் நிலை வந்தது. அக்கடன்களின் வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வைத்ததே நிவாரணமாகப் பேசப்பட்டது என்றால் அதற்கு முன் நிலைமை என்னவென்று ஊகித்துக்கொள்ளுங்கள். இந்தச் சூழலில் அக்காவின் கையில் தப்பிக் கிடக்கும் நாலு பரப்பு உறுதிக் காணி, அவ நினைப்பதுபோலப் பத்தை பத்திய வெறுநிலம் அல்ல. அந்தக் குடும்பத்துக்கு வங்கி வாசலைத் திறக்கும் ஒரேயொரு திறப்பு.

இனி மருமகனின் வாதங்களுக்கு வருவோம். அவன் படித்தவன். மூன்று நியாயங்கள் சொன்னான்.

முதலாவது, "கார் இப்ப ஆடம்பரம் இல்லை மாமா, அவசியம்." வாகனம் அவசியம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். இரவில் ஒரு நோயாளியை உள்வீதியிலிருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோ தேடி அலைந்தவர்களுக்கு அதை யாரும் விளக்கவேண்டியதில்லை. ஆனால் அவசியம் என்பது வாகனத்துக்குப் பொருந்தும், ஜெர்மன் முத்திரைக்குப் பொருந்தாது. தவிர, இவன் வேலை செய்வது கொழும்பில். பரந்தனுக்கு ரயில் ஓடுகிறது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி வரையும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரையும் யாழ்தேவி மீண்டும் வந்தபோது நாம் கண்ணீர் மல்கி எழுதிய கட்டுரைகள் எத்தனை!

இந்நாட்டில் 'சொகுசுக் கார்' என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டபோது, சுங்கத்தீர்வை, அதன்மேல் மேலதிக வரி, இயந்திரத் திறனுக்கேற்ற உற்பத்தி வரி, ஆடம்பர வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 வீத வற் வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. ஜப்பானில் ஒரு கடைச் சிப்பந்தி ஓடும் சின்னக் கார் இங்கே ஒரு வீட்டின் விலை. ஆகவே இலங்கையில் எந்தக் காரும் சொகுசுக் கார்தான். அவ்வாறிருக்க, நாம் 'நல்ல சம்பளம்' என்பதை யாருடைய அளவுகோலால் அளக்கிறோம்? 1914இல் ஹென்றி ஃபோர்ட் தன் தொழிலாளருக்கு நாளுக்கு ஐந்து டொலர் கொடுத்தபோது, தொழிலாளி தான் செய்யும் காரைத் தானே வாங்கக்கூடிய காலம் வந்தது என்றார்கள். சில மாதச் சம்பளத்தில் ஒரு கார். என் மருமகன் ஒரு சதமும் செலவழிக்காமல் முழுச் சம்பளத்தையும் சேர்த்தாலும் அந்தக் காருக்கு ஏறத்தாழ நாலரை வருடம் செல்லும். அமெரிக்காவின் சம்பளக் கணக்கில் எழுதப்பட்ட ஆசையை இலங்கையின் வரிக் கணக்கில் நிறைவேற்றப் பார்க்கிறான்.

இரண்டாவது, "கார் இங்கை விலை ஏறுது மாமா, இறங்கிறேல்லை. அது ஒரு முதலீடு." இதுதான் ஆகவும் ஆபத்தான வாதம், ஏனெனில் அது ஓரளவு உண்மை. இறக்குமதி நின்ற காலத்தில் பாவித்த வாகனங்கள் வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விலைபோயின. ஆனால் அங்கே நடந்தது என்ன? 2022 மார்ச் தொடக்கத்தில் 203 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்குப் போனது. காரின் பெறுமதி ஏறவில்லை, ரூபா விழுந்தது. விற்றவன் கையில் வந்த காசுக்கு அதே காரைத் திருப்பி வாங்க முடியவில்லை. இறக்குமதிக் கதவை ஓர் அரசாங்கம் மூடும், இன்னொன்று திறக்கும். வர்த்தமானி அறிவித்தலை நம்பிச் செய்வதற்குப் பெயர் முதலீடு அல்ல, சூது.

அதே 2022ஐ இன்னொரு பக்கத்தாலும் பார்க்கவேண்டும். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென்று நாடே கைவிரித்தது. கடன் பட்டுச் சொகுசாக வாழலாம் என்று நம்பிய நாடு அது. செப்ரெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர். பென்ஸ் காருக்கும் 20, அல்ரோவுக்கும் 20. லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் காரில் அது 240 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து பரந்தனுக்கு ஒருவழிப் பயணத்துக்கே காணாது! அந்த மாதங்களிலும் கட்டுக்காசுத் திகதி தவறாமல் வந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய எங்கள் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் மொறிஸ் மைனர்களும் நினைவுக்கு வருகின்றன. இன்றைய ஜெர்மன் காருக்கு மண்ணெண்ணெய் காட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, "என்னோடை வேலை செய்யிற எல்லாரும் எடுத்திட்டாங்கள்." உண்மையான காரணம் இதுதான், மற்ற இரண்டும் இதற்கு உடுத்திய உடுப்பு. 1899இலேயே தோர்ஸ்டீன் வெப்லன் என்ற பொருளியலாளர், பிறர் பார்ப்பதற்காகச் செய்யும் செலவைப் பற்றி ஒரு நூலே எழுதிவிட்டார். அவர் எழுதியது உழைக்கத் தேவையில்லாத செல்வந்தரைப் பற்றி. நாம் அதை உழைத்து, கடன்பட்டுச் செய்கிறோம் என்பது மட்டுமே வித்தியாசம். இதைக் கண்டுபிடித்து வளர்த்தவர்கள் கார்க் கம்பனிக்காரர். ஜெனரல் மோட்டர்ஸ் 1919இலேயே தவணைக் கடனுக்கென்று தனிக் கம்பனி தொடங்கியது. கையில் காசில்லாதவனுக்கும் அடுத்த வீட்டுக்காரனைவிட ஒருபடி உயர்ந்த காரை விற்கலாம் என்பதே அதன் சூத்திரம்.

இங்கே அரசும் தன் பங்குக்கு இந்த நோயை வளர்த்தது. மூத்த அரச உத்தியோகத்தருக்கும் மருத்துவருக்கும் வரிச்சலுகை வாகன அனுமதிப்பத்திரம் வழங்கும் முறை நெடுங்காலம் இருந்தது. பாராளுமன்ற உறுப்பினருக்கு அதைவிடப் பெரிய சலுகை. பேர்மிற்றைப் பெற்று வியாபாரிக்குக் கைமாற்றியவர்கள் ஏராளம் என்பது ஊரறிந்த விடயம். விளைவு யாதெனில், உத்தியோகம் என்றாலே பெரிய வாகனம் என்ற எண்ணம் கல்யாணச் சந்தை வரை இறங்கிவிட்டது. பேர்மிற்றில் வந்த பெரிய டாக்குத்தரின் காரைப் பார்த்து, பேர்மிற் இல்லாத சின்ன உத்தியோகத்தன் முழு வரியும் முழு வட்டியும் கட்டி அதேபோல ஒன்று எடுக்க வெளிக்கிடுகிறான்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து இதை வாசிக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கோடை விடுமுறைக்கு வந்து, இரண்டு கிழமைக்கு ஆகப் பெரிய வாகனத்தை வாடகைக்குப் பிடித்து, ஒழுங்கைக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். அங்கே நீங்கள் இரண்டு வேலை செய்து லீசும் காப்புறுதியும் கட்டுவதை இங்குள்ள பிள்ளை காண்பதில்லை. வாகனத்தை மட்டும் காண்கிறான். அடுத்தமுறை வரும்போது உங்கள் கட்டுக்காசுக் கணக்கையும் கொஞ்சம் சொல்லுங்கள். அது நீங்கள் கொண்டுவரும் சொக்லேற்றைவிடப் பிரயோசனமாக இருக்கும்.

'அப்படியானால் உழைத்தவன் ஒன்றும் அனுபவிக்கக்கூடாதா?' என்று கேட்பீர்கள். அனுபவிக்கலாம். அமெரிக்காவில் ஒரு சூத்திரம் சொல்வார்கள்: முற்பணம் 20 வீதம், தவணை நான்கு வருடம், வாகனத்துக்கான மாதச் செலவு வருமானத்தில் 10 வீதத்துக்குள். அதை அப்படியே இங்கு கொண்டுவந்தால் இலங்கையில் அநேகமாக எவரும் கார் வைத்திருக்க முடியாது. ஆகவே நமக்குப் பொருந்த நான் மூன்று நிபந்தனை வைக்கிறேன். கட்டுக்காசு, காப்புறுதி, எரிபொருள் மூன்றும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் கால்வாசியைத் தாண்டக்கூடாது. ஒரு வருடக் கட்டுக்காசு வங்கியில் தனியே கிடக்கவேண்டும். குடும்பக் காணியைத் தொடக்கூடாது. மருமகனுக்கு இக்கணக்கில் மாதம் 72 ஆயிரம் வரும். அதில் 35 ஆயிரத்தைக் கட்டுக்காசுக்கு ஒதுக்கினால் 15 இலட்சம் லீசிங் எடுக்கலாம். தன் சேமிப்பில் இன்னொரு 15 இலட்சம் போட்டால் பழைய சின்னக் கார் ஒன்று வரும். அதுவும் நாலு சில்லில்தான் ஓடும். மழையில் நனையாமல் அக்காவின் படலையடியில் இறங்கலாம். மத்திய வங்கியே 2025 ஜூலையில் கார்ப் பெறுமதியில் 60 வீதத்துக்கு மேல் கடன் கொடுக்கக்கூடாது என்று நிதி நிறுவனங்களுக்குக் கடிவாளம் போட்டது. கடன் கொடுப்பவனுக்கே கடிவாளம் தேவைப்படும்போது கடன் வாங்குபவனுக்கு அது வேண்டாமா? வரவின் வழி சிறிதானாலும் கேடில்லை, செலவின் வழி அகலாதிருந்தாற் போதும் என்று வள்ளுவர் சொன்னதற்கு மேல் எந்தப் பொருளியலாளரும் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

கையெழுத்து வைக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அக்காவிடம் இதுவரை சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு முன் என்னுடன் வேலை செய்த நண்பர் ஒருவருக்கு வான் எடுக்கப் பிணை நின்றேன். நல்ல மனிதர், நல்ல சம்பளம். அவர் வேலை பார்த்த பகுதி மூடப்பட்டது. ஆறு மாதம் கழித்து வானை எடுத்துக்கொண்டு போனார்கள். விற்ற விலை கடனுக்குக் காணவில்லை என்று மிச்சத்தை என்னிடம் கேட்டார்கள். இரண்டு வருடம் என் சம்பளத்தில் ஒருபகுதியை, நான் ஒருநாளும் ஏறாத அந்த வானுக்குக் கட்டினேன். காசு போனது பெரிதல்ல. அந்த நண்பர் என்னைத் தெருவிற் கண்டால் மற்றப் பக்கம் மாறிப் போவார். அக்காவின் மகன் அப்படி மாறிப் போகும் நாளை நான் காண விரும்பவில்லை.

பரந்தனுக்கு வடக்கே சில கிலோமீற்றரில் ஆனையிறவு. பழைய காலத்தில் ஆனைகளைக் கடலேரியைக் கடத்திக் கொண்டுபோய் விற்றதால் வந்த பெயர் என்பார்கள். ஆனையை வாங்கியவர்கள் அரசர்களும் வணிகர்களும். ஏனையோர் கரையில் நின்று பார்த்தார்கள், அதில் அவர்களுக்கு ஒரு குறைவும் வரவில்லை. ஆனை கட்டித் தீனி போடுவது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது வெறும் பேச்சுக்கல்ல. ஆனையின் விலையைக் கடன் வாங்கியும் கொடுத்துவிடலாம். தீனி நாளாந்தம் போடவேண்டும்.

அக்கா இந்த எழுத்தை வாசிக்கமாட்டா. மருமகன் வாசிப்பான் என்று தெரியும். தம்பி, கோவை உன்னிடம்தான் இருக்கிறது. பிணைக்கு வேறு ஆள் கிடைக்கலாம், அது உன் இஷ்டம். கோப்பாய்க் காணிக்கு மட்டும் அவசரப்பட்டு விலை பேசாதே. அந்தக் காணியை விற்பதற்கு முன், உன் சம்பளக் கடிதத்தில் வேலை எத்தனை மாத முன்னறிவித்தலில் நிறுத்தப்படலாம் என்று எழுதியிருக்கிறது என்பதை ஒருதடவை எடுத்து வாசித்துப் பார்.